இழுத்தாலும் பிடிக்காத பழைய ஸ்னோ புளோவர்: திருத்துவதா, எஞ்சினை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

முதல் பனி விழுந்த அன்றிரவே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, போன வருசம் நல்லா ஓடின மெஷின். இண்டைக்குக் கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழண்டதுதான் மிச்சம். திருத்துறதோ, எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கிறதோ?"

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் நம்மவர் கராஜ்களில் நிற்கும் ஸ்னோ புளோவர்களில் (பனியை அள்ளி வீசும் மெஷின்கள்) பாதி, வீட்டோடு சேர்ந்து வந்தவை. முந்தின சொந்தக்காரர் கொண்டோவுக்குப் போகும்போது விட்டுப்போயிருப்பார். மீதியில் கொஞ்சம், யார்ட் சேலில் நூறு, நூற்றைம்பது டொலருக்கு வாங்கியவை. வயது இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில். எஞ்சின் மூடியைப் பார்த்தால் பெரும்பாலும் 'டெகம்சே ஸ்னோ கிங்' என்று இருக்கும். அந்த நிறுவனம் 2008 இறுதியோடு சிறிய எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே "கொம்பனிக்காரனிடம் கேட்போம்" என்ற வழி அடைபட்டு வெகுகாலம். ஆனாலும் அந்த எஞ்சின்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன, உதிரிப்பாகமும் கிடைக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் மெக்கானிக் இல்லை. எட்டுக் குதிரைவலு, 24 அங்குல அகலமுள்ள ஒரு கிழட்டு மெஷினோடு ஸ்காபரோவில் பல பனிக்காலங்களைக் கழித்தவன், அவ்வளவுதான். முன்பெல்லாம் யாராவது கேட்டால், "எத்தனை வருசத்து மெஷின்?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்வேன். என் மச்சானுக்கும் அப்படித்தான் சொன்னேன். அதில் அவருக்கு நட்டமானது ஒரு பனிக்காலம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

## எதை வைத்து அளப்பது

விலைப்பட்டியலைத் திறக்க முன் ஐந்து விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் எஞ்சினின் வெளியிலா, வயிற்றுக்குள்ளா? காஸ் (பெற்றோல்) வந்து சேராததும் ஸ்பார்க் பிளக் பொறி தராததும் வெளிநோய். வால்வு, பிஸ்டன் ரிங், உள்ளே உடைந்த கம்பி எல்லாம் வயிற்றுநோய். முதலாவது பத்து, ஐம்பது டொலர்க் கதை. இரண்டாவது எஞ்சினின் விலையையே தின்னும். மற்ற நான்கு கேள்விகளையும் விட இது பெரியது.

உடம்பு எப்படி? எஞ்சினைத் திருத்திய பிறகு, பனியை அள்ளும் முன்பக்கத் திருகின் கியர் பெட்டி உடைந்தால் போட்ட காசு பனியோடு போகும்.

யார் செய்வது, எப்போது? செப்டெம்பரில் எடுக்கும் முடிவும் டிசம்பர் 15 ஆம் திகதி இரவு எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது.

உங்கள் வாசல் எவ்வளவு? இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே ஒரு பக்கம். சிற்றியின் பனி லொறி வந்து வாசல் முகத்தில் குவித்துவிட்டுப் போகும் அந்த அழுக்கு வரம்பு இன்னொரு பக்கம். மெஷினுக்குச் சோதனை வைப்பது பஞ்சுப்பனி அல்ல, உப்பும் பனிக்கட்டியும் கலந்த அந்த வரம்புதான்.

அடுத்த ஐந்து வருடத்துக்கு மொத்தச் செலவு என்ன? வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் எப்போதும் பழையதுதான் வெல்லும்.

## அரை மணித்தியாலச் சோதனை

எந்தத் தெரிவுக்குப் போவதென்றாலும் இதைச் செய்துவிட்டுப் போங்கள். மெஷினை வெளியே தள்ளி வையுங்கள். கராஜ் கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே வைத்து ஓட விடவேண்டாம்; காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

முதலில் வெட்கப்படவேண்டிய காரணங்கள். பிளாஸ்டிக் திறப்பு முழுதாக உள்ளே போயிருக்கிறதா? காஸ் தாங்கிக்குக் கீழுள்ள வால்வு திறந்திருக்கிறதா? காற்றைக் குறைக்கும் சோக் மூடியிருக்கிறதா? ஸ்டார்ட் செய்ய முன் காஸை உள்ளே தள்ளும் பிரைமர் ரப்பரை அமத்தும்போது எதிர்ப்பு இருக்கிறதா, அல்லது வெடித்துப்போய்ச் சும்மா காற்றை ஊதுகிறதா? எனக்கு வரும் அழைப்புகளில் கொஞ்சம் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். முடிந்ததை யாரும் திரும்ப எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்து ஒயில். அளவுகோலை எடுத்து மணந்து பாருங்கள். காஸ் மணத்தால், அல்லது போனமுறை ஊற்றியதைவிட மட்டம் உயர்ந்திருந்தால், காபரேட்டரின் (காஸையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) மிதவை ஊசி ஒழுகி காஸ் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஒயிலோடு ஓட்டக்கூடாது. அதை வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஒயில் புதிதாக விடுங்கள். ஒயிலே இல்லை என்றால் அது வேறு கவலை. இந்த எஞ்சின்களில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு அலுமினியம். அதன் நுனியிலுள்ள சிறு கரண்டிதான் ஒயிலை விசிறியடிக்கிறது. ஒயில் குறைந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு பழையவற்றில் கிடையாது. ஒரு நாள் "டமார்" என்று சத்தம் கேட்கும், எஞ்சின் பக்கவாட்டில் ஓட்டை விழும். அதற்குப் பிறகு திருத்தக் கதையே இல்லை.

இனிப் பிளக். ஆறேழு முறை இழுத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் காஸ் வருகிறது, பொறியைச் சந்தேகியுங்கள். வரண்டிருந்தால் காஸ் வரவில்லை. பொறியைப் பார்க்கப் பத்து டொலர்ச் சோதனை விளக்கொன்று போதும். பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து இழுப்பவர்கள், பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளிச் சாய்க்கவேண்டும். துளையால் வரும் காஸ் ஆவி தீப்பிடிக்கும். இந்த ஸ்னோ கிங்குகள் பலவற்றுக்கு சாம்பியன் ஆர்ஜே19எல்எம் பிளக், இடைவெளி 0.030 அங்குலம். ஐந்தாறு டொலர். சந்தேகமென்றால் மாற்றிவிட்டே மேலே போங்கள்.

காஸா, பொறியா என்று தீர்ப்புச் சொல்ல நான் நம்பும் வழி இது. பிளக் துளைக்குள் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதிய காஸை விட்டு, பிளக்கைப் பூட்டி, இழுங்கள். இரண்டு மூன்று விநாடி சத்தமாக ஓடி நின்றுவிட்டதா? நல்ல செய்தி. பொறி இருக்கிறது, அழுத்தமும் ஓரளவு இருக்கிறது, காபரேட்டர்தான் குற்றவாளி.

கடைசியாக, அழுத்தம். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவது. கயிற்றை மெதுவாக இழுக்கும்போது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கை தடுக்கவேண்டும். தையல் மெஷின் சில்லுப் போல வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரியில்லை. பிளக் வயரை ஒதுக்கிக் கட்டிவிட்டு, துளையை விரலால் பொத்தி இழுத்துப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளி வெளியே வரவேண்டும். அழுத்தமானி வைத்திருப்பவர்கள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கயிறு இழுக்கச் சுகமாக இருக்கவேண்டுமென்று, ஸ்டார்ட் வேகத்தில் வால்வைக் கொஞ்சம் திறந்து பிடிக்கும் ஏற்பாடு பல எஞ்சின்களில் உண்டு. அதனால் எண் குறைவாகத்தான் காட்டும்.

ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை என்பவர்களுக்குச் சுருக்கமாக:

- வேகம் கூடிக் குறைந்து கூடிக் குறைந்து மூச்சு வாங்குகிறது, அல்லது சோக் பாதி மூடியிருந்தால் மட்டும் ஓடுகிறது: காபரேட்டர் துளை அடைப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு இதுவாகத்தான் எனக்கு வாய்த்திருக்கிறது.
- பத்து நிமிடம் நன்றாக ஓடி நிற்கிறது, கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப ஓடுகிறது: காஸ் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் இப்படித்தான். மூடி தப்பினால் பொறிச்சுருள் சூட்டில் சாகிறது.
- கறுப்புப் புகை: காஸ் கூட, சோக் திறபடவில்லை.
- நீலப் புகை நிற்காமல் வருகிறது: ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலம் வந்தால் கிழவனுக்கு அதெல்லாம் சகஜம்.

உடம்புச் சோதனைக்கு ஐந்து நிமிடம். பிளக் வயரைக் கழற்றிவிட்டு முன் திருகைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இடது, வலது திருகுகள் இரண்டும் நடுத்தண்டில் தனித்தனியாகச் சுற்ற முடியாமல் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், ஷியர் பின் (திருகு எதிலாவது இறுகினால் கியர் பெட்டியைக் காக்கத் தான் உடையும் மெல்லிய பின்) உடைய வேண்டிய நேரத்தில் உடையாது. கியர் பெட்டிதான் உடையும். ஷியர் பின் இருக்கவேண்டிய இடத்தில் முந்தின சொந்தக்காரர் கடினமான போல்ட் ஒன்றைப் போட்டிருந்தாலும் அதே கதை. வாங்க வந்த மெஷின் என்றால் நான் எஞ்சினைப் பார்க்க முன் இந்த இரண்டு பின்களைத்தான் குனிந்து பார்ப்பேன்.

## தெரிவு 1: காபரேட்டரில் நீங்களே கை வைப்பது

ஒன்ராறியோவில் சாதாரண காஸில் 10 வீதமளவு எத்தனோல் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மார்ச்சில் தாங்கிக்குள் விட்டுவைத்த காஸ் நவம்பரில் பிசினாகியிருக்கும். காபரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தை ஒரே ஒரு நட்டு தாங்கி நிற்கிறது. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த எஞ்சின்களில் பெரும்பாலும் அந்த நட்டே பிரதான ஜெட், அதாவது காஸை அளந்து விடும் துளை உள்ள பாகம். அதன் கழுத்தில், மறைக்கு அருகே, ஊசி முனையளவில் ஒரு துளை இருக்கும். அது கண்ணில் படாமலே பலர் "காபரேட்டர் கழுவினேன், சரிவரேல்லை" என்று சொல்வார்கள். அந்தத் துளை அடைத்தால் எஞ்சின் மூச்சு வாங்கும். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றை விட்டுத் துப்புரவாக்குங்கள். துளையைப் பெரிதாக்கும் எதையும் விடவேண்டாம்.

கழற்ற முன் ஸ்பிரிங்குகளும் கம்பிகளும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று நாலு பக்கமும் படம் எடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கைப் பிழையான ஓட்டையில் மாட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டி அலறும். நான் ஒருமுறை படமெடுக்காமல் கழற்றி, அன்றிரவு முழுவதும் இரண்டு ஸ்பிரிங்கையும் நாலு ஓட்டையையும் வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

கழுவுவதா, புதிதாகப் பூட்டுவதா? எஞ்சின் மூடியில் பொறித்திருக்கும் மொடல் எண்ணை வைத்துத் தேடினால் மற்றக் கொம்பனிகள் செய்த காபரேட்டர் 25 முதல் 50 டொலருக்குள் கிடைக்கும். ஐந்து குதிரைவலுச் சின்ன ஸ்னோ கிங்குகள் பலவற்றுக்கு 640084 என்ற எண்ணில் தேடலாம். இதன் மறைமுகச் செலவு என்னவென்றால், மலிவுக் காபரேட்டர்களில் சில காஸைக் கஞ்சத்தனமாக விடும்படி வந்து சேரும். கராஜுக்குள் நன்றாக ஓடும், பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் மூச்சு வாங்கும்; குளிர்க் காற்று அடர்த்தியானது, அதற்கு இன்னும் காஸ் வேண்டும். அடியில் திருகி அளவு மாற்றக்கூடிய ஜெட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. முழுதாக மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்றுத் திறந்து, ஓடவிட்டுச் சரிபார்க்கலாம். பழைய காபரேட்டரை எறியவேண்டாம். அது தரமான வார்ப்பு. ஆற அமரக் கழுவி வைத்தால் அடுத்தமுறைக்கு உதவும்.

காஸ் குழாயையும் அதே கையோடு மாற்றுங்கள். வெளியே நன்றாயிருக்கும், உள்ளே உதிர்ந்து புதுக் காபரேட்டரை முதல் வாரத்திலேயே அடைக்கும். இடையில் கடதாசி வடிகட்டி போடுவதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் போடுவதில்லை. இதில் காஸ் தன் பாரத்திலேயே இறங்குகிறது, பம்ப் இல்லை. வடிகட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்தால் அதோடு சரி.

இது யாருக்குச் சரி: தேக்கரண்டிச் சோதனையில் எஞ்சின் பற்றியது, உடம்பு நல்லது, கையில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. யாருக்குச் சரிவராது: அழுத்தம் இல்லாத எஞ்சினுக்கு. அதற்கு எத்தனை காபரேட்டர் மாற்றினாலும் ஒன்றுதான்.

## தெரிவு 2: திருத்துகடைக்குக் கொண்டுபோவது

கடைக்காரர் மணிக்கணக்குக்கு வாங்குவார். காபரேட்டர், பிளக், ஒயில், பெல்ட் என்று ஒரு பொதுச் சுற்று 200 முதல் 350 டொலருக்குள் வந்துநிற்கும். அதற்கு மேல் 13 வீத வரி. மெஷினை ஏற்றி இறக்க வான் இல்லையென்றால் எடுத்துப்போகும் கூலியும் சேரும். ஆனால் உண்மையான மறைமுகச் செலவு நாட்கள்தான். முதல் பனிக்குப் பிறகு கொண்டுபோனால் இரண்டு மூன்று வாரம் வரிசை. அந்த மூன்று வாரமும் கையில் சவள்தான்.

இந்தத் தெரிவின் பெறுமதியைச் சிலர் பிழையாக நினைக்கிறார்கள். கடைக்காரரிடம் நான் வாங்குவது திருத்தத்தை அல்ல, வயிற்றுநோய்க்கான தீர்ப்பை. வால்வு இடைவெளி குறைந்துவிட்டதா, ரிங் போய்விட்டதா என்று அவர் காற்றடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்தப் பழைய பக்கவால்வு எஞ்சின்களில் வால்வு, இருக்கை தேயத் தேய உள்ளே இறங்கும், இடைவெளி குறையும், ஒரு நாள் முழுதாக மூடாது. அதைச் சரிசெய்யத் திருகு கிடையாது. வால்வைக் கழற்றித் தண்டின் அடியை அராவவேண்டும். கூலி கூடிய வேலை. "திருத்த முன் எவ்வளவு என்று சொல்லுங்கோ, பார்க்கிற கூலியை இப்பவே தாறன்" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சில நேரம் "இதுக்குக் காசு போடாதேங்கோ" என்று நேராகவே சொல்வார். அந்த வார்த்தைக்கு 80 டொலர் கொடுக்கலாம்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் கொண்டுபோகிறவர்களுக்கு இது நல்ல தெரிவு. பனிக்காலத்தின் நடுவில், அவசரத்துக்கு, மோசமான தெரிவு.

## தெரிவு 3: எஞ்சினை மட்டும் மாற்றுவது

வலையொளிகளைப் பார்த்துவிட்டு நம்மவர் பலருக்கு இதில் ஆசை. பழைய மெஷின்களின் இரும்பு தடிப்பு, உடம்பு இன்னும் இருபது வருடம் தாங்கும், 250 முதல் 500 டொலருக்குள் புதிய 212 சிசி எஞ்சின் ஒன்றைப் பூட்டினால் புதிய மெஷின் போலத்தானே? சில மெஷின்களுக்கு உண்மை. பூட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எங்கே இடறும் என்று சொல்கிறேன்.

முதலில் எஞ்சினிலிருந்து எத்தனை தண்டு வெளியே வருகிறது என்று பெல்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றென்றால் வழி உண்டு. இரண்டென்றால், இரண்டாவது தண்டு கேம் தண்டிலிருந்து வந்து, பாதி வேகத்தில், எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சில்லுகளை ஓட்டுகிறது. இன்று கடையில் கிடைக்கும் எஞ்சின்களில் அப்படி ஒன்று இல்லை. ஒரு தண்டில் பூட்டினால் மெஷின் முன்னுக்குப் போடப் பின்னுக்கு ஓடும், அதுவும் ஓட்டமாக. மாற்ற வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். அது பொழுதுபோக்கு, பனி அள்ளும் திட்டமல்ல.

ஒரு தண்டு என்றாலும் தடிப்பைப் பாருங்கள். 212 சிசி எஞ்சின்கள் முக்கால் அங்குலத் தண்டோடு வரும். பெரிய பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஒரு அங்குலம். அப்படியானால் கப்பிகளும் புதிதாக வேண்டும். தண்டின் உயரம் சில மில்லிமீற்றர் மாறினாலே பழைய பெல்ட் பொருந்தாது. கப்பி, பெல்ட், போல்ட், இடைத்தகடு என்று 100 டொலர் சத்தமில்லாமல் போகும்.

மூன்றாவது எனக்கே நடந்தது. பொதுப்பாவனை எஞ்சினில் காற்று வடிகட்டி இருக்கும். பறக்கும் பனித்தூள் அதில் படிந்து, உருகி, உறைந்து, மூச்சை அடைத்துவிடும். பனிக்கென்று செய்த எஞ்சினில் வடிகட்டி கிடையாது. காபரேட்டரைச் சுற்றித் தகரக் கூடு வைத்து, சைலன்சர்ப் பக்கத்துச் சூட்டுக் காற்றை உள்ளே விடுவார்கள். வாங்கினால் பனிக்கான வகையையே வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும். பழைய எஞ்சினில் வீட்டு மின்சாரத்தில் செருகி அமத்தும் ஸ்டார்ட்டர் இருந்திருந்தால், புதிதில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மனைவியோ பிள்ளையோ மெஷினை எடுப்பதென்றால் அந்தப் பொத்தான்தான் முக்கியம்.

இது யாருக்குச் சரி: ஒற்றைத் தண்டு, நல்ல கியர் பெட்டி, கோடைகால நேரம், கொஞ்சம் பைத்தியம். நாலும் சேரவேண்டும்.

## தெரிவு 4: புதிய காஸ் மெஷின்

24 அங்குல இரண்டு கட்ட மெஷின் (திருகு அள்ளிக் கொடுக்க, பின்னாலுள்ள விசிறி வீசும் வகை) வரியோடு 1,300 முதல் 2,200 டொலர். இப்போதைய மேல்வால்வு எஞ்சின்கள் பழையவற்றைவிடச் சுலபமாகப் பிடிக்கும், காஸும் குறைவாகக் குடிக்கும். உடம்புத் தகரம் மெலிவு என்பது என் குறை. மலிவு வரிசையில் அது இன்னும் தெரியும்.

மறைமுகச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: பழையதைக் கொன்ற அதே பழக்கம் புதியதையும் கொல்லும். மார்ச்சில் காஸ் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் காபரேட்டரை வரட்டாதவர், 2,000 டொலர் கொடுத்தாலும் இரண்டாவது நவம்பரில் எனக்கு அழைப்பார். வாங்குவதென்றால் ஏப்ரலில் வாங்குங்கள். டிசம்பரில் கடையில் எஞ்சி நிற்பது எது என்று கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கும்.

## தெரிவு 5: பற்றறி மெஷின்

காஸ் இல்லை, காபரேட்டர் இல்லை, பிசின் இல்லை. இந்தக் கட்டுரையின் முக்கால்வாசியும் பற்றறி மெஷின்காரருக்குத் தேவையில்லை. விடிய நாலு மணிக்கு அள்ளினாலும் அயலவர் முறைக்கமாட்டார்.

ஒற்றைக் கட்ட மெஷின்கள் (திருகே அள்ளி வீசும் வகை) பஞ்சுப்பனிக்கு அருமை. அந்த வாசல் வரம்பில் துள்ளித் துள்ளிப் பின்வாங்கும். இரண்டு கட்டப் பற்றறி மெஷின் வரம்பையும் தின்னும். ஆனால் விலை 1,800 இலிருந்து 3,000 வரை, அதே அகலக் காஸ் மெஷினைவிடக் கூட. பற்றறி குளிரில் சோர்ந்துவிடும்; வீட்டுக்குள் வைத்து, வேலைக்குப் போகும்போது மட்டும் மாட்டவேண்டும். கராஜ் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் அங்கே சார்ஜ் போடவும் கூடாது, லிதியம் பற்றறி கெட்டுவிடும். சில வருடங்களுக்குப் பிறகு பற்றறி மாற்றுவதற்குப் பல நூறு டொலர் ஒதுக்கி வையுங்கள். அதே கொம்பனியின் புல்வெட்டி ஏற்கெனவே இருந்தால் கணக்கு மாறும், பற்றறி பொது.

ஒரு கார் வாசல், டவுன்ஹவுஸ், கராஜுக்குள் காஸ் மணம் பிடிக்காத வீடு: யோசிக்காமல் இதையே சொல்வேன். நாலு கார் வாசலும் மூலைவீட்டு நடைபாதையும் உள்ளவருக்கு, ஒரே நாளில் 30 சென்ரிமீற்றர் கொட்டினால் பாதியில் சார்ஜுக்குக் காத்திருக்கவேண்டி வரும்.

## தெரிவு 6: ஆள் பிடிப்பது

பருவத்துக்கு 500 முதல் 1,000 டொலர். முதுகு, இதயம் இரண்டில் ஒன்று பழுதென்றால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். எத்தனை சென்ரிமீற்றருக்கு மேல் வருவார், சிற்றி லொறி வந்துபோன பிறகு வரம்பை அள்ளத் திரும்ப வருவாரா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு ஏழு மணிக்கு வெளிக்கிடுபவருக்குப் பதினொரு மணிக்கு அள்ளிப் பயனில்லை.

## ஒரு பார்வையில்

விலைகள் நான் கேட்டும் பார்த்தும் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு, கனேடிய டொலரில்.

| தெரிவு | முதல் செலவு | ஒளிந்திருக்கும் செலவு | நேரம் | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| நீங்களே காபரேட்டர் | 25–80 | மலிவுக் காபரேட்டரின் கஞ்சத்தனம் | ஒரு சனிக்கிழமை | அழுத்தமும் பொறியும் இருந்தால் |
| திருத்துகடை | 200–350 | காத்திருப்பு, ஏற்றுகூலி | கோடையில் சில நாள், பனியில் 2–3 வாரம் | தீர்ப்பு வேண்டியபோது |
| எஞ்சின் மாற்றம் | 250–500 | கப்பி, பெல்ட், உறையும் வடிகட்டி | இரண்டு மூன்று வார இறுதி | ஒற்றைத் தண்டு, நல்ல உடம்பு |
| புதிய காஸ் மெஷின் | 1,300–2,200 | உங்கள் பழக்கம் | உடனே | பெரிய வாசல், வயிற்றுநோய் கண்ட பழையது |
| பற்றறி, இரண்டு கட்டம் | 1,800–3,000 | மாற்றுப் பற்றறி | உடனே | சின்ன, நடுத்தர வாசல் |
| ஆள் | வருடம் 500–1,000 | தாமதம், வரம்பு | இல்லை | உடல்நிலை |

ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால், வெளிநோயுள்ள பழைய மெஷினை யாரும் வெல்ல முடியாது. வயிற்றுநோயுள்ள பழைய மெஷினுக்கு நான் வைத்திருக்கும் எல்லை: உதிரிப்பாகமும் கூலியும் சேர்ந்து, அதே மெஷினை நன்றாக ஓடும் நிலையில் இன்னொருவரிடம் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவது. முப்பது வருடத்து மெஷின் ஓடும் நிலையில் 400 டொலருக்குக் கிடைக்குமென்றால் எல்லை 200. கடுமையாகத் தெரியலாம். ஒரு வால்வு வேலைக்குக் காசு கொடுத்த அடுத்த மாதம் கியர் பெட்டி போன ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

எந்தத் தெரிவென்றாலும் ஒரு விஷயம் பொது. பனி வீசும் குழாய் அடைத்தால் கையை விடாதீர்கள், எஞ்சின் நின்றிருந்தாலும். உள்ளே இறுகி நிற்கும் விசிறி அடைப்பு விலகியதும் பாதிச் சுற்றுச் சுற்றும். விரல் போக அது போதும். தடியால் குத்துங்கள்.

பழையதை எறிவதென்று முடிவானால் காஸையும் ஒயிலையும் வடித்து, சிற்றியின் அபாயக் கழிவு எடுக்கும் நிலையத்தில் கொடுங்கள். குப்பைக்கும் சாக்கடைக்கும் போகக்கூடாது. மெஷினை "ஓடாது, பாகங்களுக்கு" என்று விளம்பரம் போட்டால் ஒரு நாளில் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். ஐம்பது டொலரும் தருவார்கள்.

## மச்சானின் மெஷின்

அவருடையது எட்டுக் குதிரைவலு ஸ்னோ கிங், 1990களினது. பிடிக்கவில்லை என்றார். "இருபத்தைந்து வருசத்து மெஷின், காஸ் பழசாயிருக்கும், காபரேட்டரை மாத்துங்கோ" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். 40 டொலருக்கு வாங்கிப் பூட்டினார். பிடிக்கவில்லை. வந்த காபரேட்டர் பழுது என்று நான் சொல்ல, இன்னொன்று வாங்கினார். டிசம்பர் போனது. ஜனவரியில் நேரில் போய்க் கயிற்றைப் பிடித்தேன். தடக்கே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வெளியேற்றும் வால்வு மூடாமல் நின்றிருக்கிறது. இரண்டு தண்டு எஞ்சின், அதனால் மாற்றவும் வழியில்லை. முன் திருகை ஆட்டிப் பார்த்தேன். கியர் பெட்டி மட்டும் புதுசு போல இருந்தது.

அவர் அந்த ஏப்ரலில் பற்றறி மெஷின் ஒன்று வாங்கினார். பனி கொட்டும் நாளில் பற்றறியைச் சோபாவில் பிள்ளையைப் போல வைத்திருக்கிறார் என்று தங்கச்சி சொல்கிறாள். இரண்டு காபரேட்டருக்கும் நான் காசு தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. கியர் பெட்டியைக் கழற்றி என் கராஜுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மெஷினுக்கு அது பொருந்துமா என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை. அதை எப்போது எறியப் போகிறேன் என்று வீட்டில் மாதம் ஒருமுறை கேட்கிறார்கள்.